வாதநாராயணன் காட்டிய நீலம்

சோதனைக் குழாயில் இரண்டே சொட்டு அயோடின் விட்டேன். உள்ளே இருந்தது வாதநாராயணன் இலைத் தூளைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்த தண்ணீர். வெளிறிய பச்சையாக இருந்த அது, கண் மூடித் திறப்பதற்குள் மை பாட்டிலைக் கவிழ்த்ததுபோல் கருநீலமாகிவிட்டது.

“சார்” என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கத்தினேன்.

என் எம்.ஃபில். ஆய்வுக்குக் கைடாக இருந்த ராஜமாணிக்கம் சார், வேதியியல் துறையில் தலை நரைத்தவர். மாணவர்களைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். எழுந்து வந்து குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அயோடின்தான் உட்டீங்களா? வேற எதையும் உட்டுப்போடலீங்களே?”

“இல்லீங்க சார்.”

“இன்னொருக்கா செய்ங்க.”

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் நீலம். அயோடின் பட்டு நீலமானால் மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பாடம்தான். மரவள்ளிக் கிழங்கில் இருந்தால் யாரும் வாய் பிளக்கப் போவதில்லை. மூட்டுவலிக்கு வேகவைத்துக் குளிக்கிற ஒரு மரத்தின் தழை, கஞ்சித் தொட்டி மாதிரி மாவைக் கக்கினால்?

அப்போது கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது சாருக்குத் தெரியவில்லை. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றதைத் துடைக்காமல், “அம்மணி, இது புதுசுங்க. இது எந்தப் புஸ்தகத்திலயும் இல்லீங்க” என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். கோயமுத்தூரில் ஒரு கல்லூரி. என் வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அன்றுதான் நடந்தது. அது எப்படிப்பட்ட கண்டுபிடிப்பு என்று தெரிவதற்கு எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

‘ஆகுமுங்க’

வாதநாராயணன் என்ன மரம் என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. தோட்டத்து வேலியில் தானாக நிற்கும். புளியந்தழையைவிடப் பொடிசான இலை. வாதத்துக்கு நல்லது என்பார்கள். ரசம் வைப்பார்கள், அடையில் போடுவார்கள், மேலுக்கு ஊற்றிக்கொள்வார்கள்.

அதன் வேதிப் பொருட்கள் என்னென்ன, மக்கள் அதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. இரண்டாவது பாதிக்காக ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கொடுமுடியிலிருந்து தாராபுரம் வரை பஸ் பஸ்ஸாக அலைந்தேன்.

கொடுமுடியில் ஆற்றுக்குப் போகிற வழியில், வேலியோரம் எருமை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பிடித்தேன்.

“ஏனுங்க, இந்தத் தழை மூட்டு வலிக்கு ஆகுங்களா?”

“ஆகுமுங்க.”

“சளிக்குங்க?”

“அதுக்கும் ஆகுமுங்க.”

“மாட்டுக்கு வயிறு உப்புசத்துக்கு?”

“ஆகாம என்னங்க?”

எனக்குச் சந்தேகம் தட்டியது. எனக்குக் கொஞ்சம் குறும்பும் உண்டு. “டி.வி.யில படம் புள்ளி புள்ளியாத் தெரியறதுக்குங்க?” என்று கேட்டேன்.

அவர் எருமைக் கயிற்றைப் பிடித்தபடி நிஜமாகவே யோசித்தார். “அதுக்கு நாங்க கட்டிப் பாத்ததில்லீங்க. ஆனா ஆகுமுங்க.”

அவரைக் குறை சொல்லி என்ன? வெயிலில் நடந்து வந்து ஒரு பெண்பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள். ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்கள் ஊர்களில் செருப்பால் அடிப்பதற்கு அடுத்தபடி. சொல்லவே மாட்டார்கள். தாராபுரம் போய்ச் சேர்வதற்குள் என் நோட்டில் அந்த மரம் தீர்க்காத நோயே இல்லை.

போன வாரம் இந்தத் தொடரில் நான் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை உடைத்த கதையை எழுதியதற்கு, ‘உங்களை எப்படி லேபுக்குள் விட்டார்கள்?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மணி, அதற்கும் இதே பதில்தான். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

தறிக் குடோனில் இலை

எங்கள் வீடு சோமனூரில். வீட்டை ஒட்டித் தறிக் குடோன். அப்பாவின் ஆறு விசைத்தறிகள் அங்கே ஓடும். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசினதில்லை. ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மூலிகையை வெயிலில் காயப்போடக் கூடாது. சத்துப் போய்விடும். நிழல் வேண்டும், காற்றும் வேண்டும். சோமனூரில் இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் தறிக் குடோன்தான். குடோனின் மூலையில் பலகை போட்டு, கொத்துக் கொத்தாக இலையைப் பரப்பினேன். பஞ்சுத் தூசி விழுமே என்று மேலே காடாத் துணியும் கட்டினேன். இதைச் சொல்வதற்குக் காரணம், நான் முழு முட்டாள் இல்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

தறி ஓட்டுகிற பொன்னுசாமி அண்ணனிடம் பொறுப்பை விட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். தறியில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தால், தறி நிற்பதற்கு முன்னாலேயே அவர் கை அங்கே போய்விடும்.

“அண்ணா, தினமும் ஒருக்கா இதைப் பொரட்டி உடுங்க. ஒரு இலைகூட வீணாகக் கூடாதுங்க. என்ற படிப்பே இதுலதான் இருக்குது.”

“நீ போ கண்ணு. என்ற புள்ளையாட்டப் பாத்துக்கறேன்” என்றார்.

பார்த்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது எனக்கே ஆச்சரியம். வாதநாராயணன் இலை காய்ந்தால் காம்பை விட்டு உதிர்ந்து தூளாகிவிடும். இது உதிரவில்லை. ஒவ்வொரு பொடி இலையும் காம்பிலேயே விறைப்பாக, மினுமினுவென்று நின்றது. ‘உலர்ந்த இலை மொறுமொறுப்பாகவும் பளபளப்பாகவும் உள்ளது’ என்று ஆய்வு நோட்டில் எழுதி, பெருமையில் அடிக்கோடும் போட்டேன்.

“இந்த மாதிரி ஒணத்துன இலையை நான் பாத்ததே இல்லீங்க” என்றார் சார்.

பார்த்திருக்க மாட்டார். உலகத்தில் யாருமே பார்த்திருக்க முடியாது.

இரண்டாவது நீலம்

மாவுச்சத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொழுப்பைக் கரைக்கிற பெட்ரோலியம் ஈதரில் இறக்கினபோது, ஒரு தழையில் இருக்கவேண்டியதைப் போல் பல மடங்கு கொழுப்பு இறங்கியது. சார் நாற்காலியில் உட்கார மறந்துபோனார்.

பிறகு இலையை எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, அமோனியா விட்டோம். மறுபடியும் நீலம். இந்தத் தடவை மயில் கழுத்து நீலம். தாமிரம் இருந்தால்தான் அந்த நிறம் வரும்.

சார் தன் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். வாதத்துக்காக அவர் போட்டிருந்த செம்புக் காப்பு. “பாத்தீங்களா? நாம கையில போட்டுக்கறதை, இந்த மரம் இலைக்குள்ளயே வெச்சிருக்குதுங்க!”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிலிர்த்தது உண்மை.

கல்லூரியில் கருத்தரங்கு வைத்தார்கள். சார் கரும்பலகையில் மரம் வரைந்து, வேர் வழியாகத் தாமிரம் ஏறுவதை அம்புக்குறி போட்டுக் காட்டினார். இருபது வருடமாக மற்றவர்கள் கண்டுபிடித்ததைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனிதர். அன்று அவர் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

முன்வரிசையில் கல்லூரித் தாளாளர் ரங்கசாமி ஐயா உட்கார்ந்திருந்தார். மில் வைத்திருந்தவர். இரண்டு முழங்காலிலும் வலி. கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார். கூட்டம் முடிந்ததும் மேடை ஏறி, “இந்த அம்மணிக்கு வைவா முடிஞ்சதும் நம்ம காலேஜிலயே லெக்சரர் வேலைங்க” என்று மைக்கில் சொல்லிவிட்டார். அன்று மாலையே அப்பா அதை சோமனூருக்கெல்லாம் சொன்னார். எங்கள் வீட்டுக் குரலில் சொன்னால் பக்கத்து ஊர் கருமத்தம்பட்டிக்கும் கேட்டிருக்கும்.

அதோடு விட்டாரா சார்? அந்த இலைத் தூளையே மருந்தாகச் சாப்பிடச் சொல்லி ஐயாவைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஐயா கைத்தடியை ஊன்றி இரண்டு மாடி ஏறி எங்கள் லேபுக்கு வருவார். முதல் நாள் ஒரு சிட்டிகையை எங்கள் முன்னாலேயே நாக்கில் வைத்தார். சப்புக்கொட்டினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மிச்சத்தை ரூம்ல போயி சாப்பிட்டுக்கறேனுங்க” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். பிறகு தினமும் பொட்டலம்தான்.

“மூட்டு எப்படி இருக்குதுங்க ஐயா?” என்று சார் கேட்பார்.

“நெம்பத் தேவலைங்க.”

மூன்றாம் வாரம் கைத்தடி இல்லாமலே வந்தார். சார் ஆனந்தத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு வாளியும் பொன்னுசாமி அண்ணனும்

தூள் தீரப்போனது. வாய்மொழித் தேர்வான வைவாவுக்கும் இன்னும் ஒரு வாரம்தான். இரண்டாவது சுற்றுக்கு இலை பறித்துக் குடோனில் பரப்பியிருந்தேன். ஒருநாள் லேப் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டதால், மத்தியானமே ஊருக்குத் திரும்பி நேராகக் குடோனுக்குள் போனேன்.

பொன்னுசாமி அண்ணன் பலகை முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. கையில் தென்னை நார் பிரஷ். அதை வாளியில் முக்கி, ஒவ்வொரு கொத்தாக எடுத்து, மேலிருந்து கீழாக இழுத்துத் தடவிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவம்.

“அண்ணா! என்னங்க பண்றீங்க?”

“வா கண்ணு. கஞ்சி போடறேன்.”

தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

“காயக் காய இலையெல்லாம் கொட்டிப்போச்சு. ஒரு இலைகூட வீணாகக் கூடாதுன்னு நீதான சொன்னே? எனக்கு ஒரே வெசனம். நூலு அத்துப்போகாம இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடறமல்ல, அதாட்டந்தான். இப்பப் பாரு, ஒண்ணாச்சு கொட்டுதா?”

அவருடைய மனைவி சைசிங் மில்லில் வேலை செய்தார். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிற இடம் அது. அங்கிருந்து வாளியில் வந்திருக்கிறது.

“அந்தக் கஞ்சியில என்னண்ணா இருக்குது?” கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் நீலம்.

“மரவள்ளி மாவு. நூலு வழவழன்னு இருக்கக் கொஞ்சம் கொழுப்பு.” விரலை மடக்கினார். “அப்பறம் புளிச்சுப் பூசணம் புடிக்காம இருக்கத் துளியூண்டு மயில்துத்தம்.”

மயில்துத்தம் என்றால் காப்பர் சல்பேட். விஷம். இரண்டாவது நீலம்.

“ஏன் அண்ணா என்கிட்டச் சொல்லலை?”

“இதையெல்லாம் ஒரு ஒத்தாசைன்னு சொல்லிக்காட்டுவாங்களா கண்ணு?”

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. தலைக்குள் ஒன்றுதான் ஓடியது. தாளாளர் மூன்று வாரமாக அதைத் தின்றுகொண்டிருக்கிறார்.

குரோட்டன்ஸ் தொட்டி

கோயமுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். ஒரு பொட்டலத்தில் எத்தனை தூள், அதில் எத்தனை மயில்துத்தம். கணக்கு ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. சொன்னால் வேலை போகும், ஆய்வு போகும், அப்பா சோமனூரில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால் ஒரு மனிதர் போய்விடுவார். யோசிக்க இதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும், பஸ் ஊருக்குள் நுழைகிற சிங்காநல்லூர் வரைக்கும் யோசித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தாளாளர் அறையில் ஐயா தனியாக இருந்தார். உள்ளே போனதும் அழுதுவிட்டேன். கஞ்சி, வாளி, பிரஷ், மயில்துத்தம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். “உடனே ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க ஐயா.”

அவர் அசையவே இல்லை. “உக்காருங்க அம்மணி. தண்ணி குடிங்க.”

குடித்தேன்.

“எனக்கு மொத நாளே தெரியுமுங்க.”

“என்னங்க?”

“மில்லு வெக்கறதுக்கு முந்தி நான் சைசிங்ல கஞ்சி கிண்டினவனுங்க. அந்த வாசம் எனக்குத் தெரியாதுங்களா? நாக்குல வெச்சவுடனே தெரிஞ்சுபோச்சு. நீங்க ஏதோ வைத்திய முறைப்படி சேக்கறீங்களாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

“அப்பறமும் எதுக்குங்க ஐயா சாப்பிட்டீங்க?”

“எங்கீங்க சாப்பிட்டேன்?” என்று ஜன்னலோரம் கை காட்டினார்.

அங்கே ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. எழுந்து போய்ப் பார்த்தேன். மண் கஞ்சி காய்ந்த வாணலி மாதிரி பொருக்குத் தட்டி வெடித்திருந்தது. செடியில் நாலு இலை மிச்சம்.

“அப்பக் கால்வலி?”

“அது அப்புடியேதானுங்க இருக்குது.”

“தடியில்லாம வந்தீங்களே ஐயா!”

அவர் சங்கடமாக முழங்காலைத் தடவினார். “புரொபசர் தெனமும் அத்தனை ஆசையாக் கேக்கறாருங்க. தடியோட போயி நின்னா அவரு மனசு என்ன பாடுபடும்? பல்லைக் கடிச்சுட்டு ஏறிப்போட்டேனுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. மூக்கு ஒழுகியது. ஒரு மனிதர் வலி தீர்ந்ததாகக் காட்டுவதற்காக, வலிக்கிற காலோடு தினமும் இரண்டு மாடி ஏறியிருக்கிறார்.

“அவருகிட்டச் சொல்லோணுமுங்களா?” என்று கேட்டார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“சொல்லோணுமுங்க ஐயா. அந்தக் கண்டுபிடிப்பை என்ற பேருல எழுதியிருக்கறேன்.”

பழுப்பு

சாரிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். தாளாளரின் தொட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ‘இனி சாப்பிட வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க, அவருக்கு ஒண்ணும் ஆகலீங்க’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். “சைசிங் கஞ்சிங்களா” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வைவாவைத் தள்ளிவைத்தார்கள். சார் தன் கையாலேயே கல்லூரிச் சுற்றுச்சுவரோரம் இருந்த மரத்தில் இலை பறித்து, தன் வீட்டுப் படுக்கையறையில் செய்தித்தாள் விரித்துக் காயவைத்தார். எல்லா இலையும் காம்பை விட்டு உதிர்ந்தது. அப்படித்தான் உதிரவேண்டும்.

நான் அயோடின் விட்டேன். தண்ணீர் பழுப்பாகவே நின்றது. சாம்பல் கரைசலில் அமோனியா விட்டேன். நீலம் வரவில்லை. டானின் இருந்தது, ஃபிளேவனாய்டு இருந்தது, ஸ்டீரால் இருந்தது. எல்லாம் புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பவை. சார் ஒவ்வொரு குழாயையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “எழுதிக்கங்க” என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது, நான் அவரிடமிருந்து எதையோ திருடிவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி. மாடிப்படியில் கைத்தடிச் சத்தம். ஐயா வந்து வாசலில் நின்றார்.

“இன்னிக்கு மருந்து இல்லீங்களா?”

சார் தலை நிமிரவில்லை. “அது மருந்தே இல்லீங்க ஐயா. அம்மணி சொல்லியிருப்பாங்களே.”

“சொன்னாங்க. இப்ப நல்ல இலை வெச்சிருக்கீங்களாமே. அதைக் குடுங்க.”

சார் தயங்கித் தயங்கி ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். ஐயா அதை அறைக்குக் கொண்டுபோகவில்லை. எங்கள் கண் முன்னாலேயே பிரித்து, முழுவதையும் வாயில் கொட்டிக்கொண்டு, வெந்நீரை ஊற்றி விழுங்கினார். வெறும் தழைக் கசப்பு. முகம் கோணிப்போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏனுங்க புரொபசர்” என்றார், இருமிக்கொண்டே. “பழைய மருந்தே தேவலாமாட்ட இருக்குதுங்களே.”

சார் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு. இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

லெக்சரர் வேலை வேறொருவருக்குப் போனது. என் பட்டம் ஆறு மாதம் தாமதமாக வந்தது. அதற்கு அப்பா பேசின பேச்சைத் தெருவே கேட்டது. பொன்னுசாமி அண்ணனிடம், அவர் கஞ்சி போட்டதால்தான் இதெல்லாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. பாஸாகி வந்ததும் அவருக்குத்தான் முதலில் ஸ்வீட் கொடுத்தேன். “நான் என்ன கண்ணு பெருசாச் செஞ்சுபோட்டேன்?” என்றார்.

ஐயா அதன் பிறகும் தினமும் பத்து மணிக்கு மாடி ஏறி வந்து, அந்தக் கசப்பை எங்கள் முன்னால் நின்று சாப்பிட்டார். நான் அந்தக் கல்லூரியை விட்டு வரும்வரை அது நிற்கவில்லை. சார் தினமும் கேட்பார், அவரும் “நெம்பத் தேவலைங்க” என்பார். கால் நிஜமாகவே எப்படி இருக்கிறது என்று நான் மட்டும் கடைசிவரை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்.